அந்தப் போட்டோவுல கரண்டி இல்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

நான் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கத்துல இருந்து எழுதுறேன். எழுதுறேன்னு சொல்றது பொய், மக போன்ல மைக்க அமுக்கிட்டு பேசுறேன் அது டைப் ஆகுது, தப்பு இருந்தா நீங்களே திருத்திக்கங்க. எட்டாவது வரைக்கும் தான் படிச்சேன், ஆனா பேப்பர் விடமாட்டேன், வேலை நடக்குற வீட்டுல பழைய பேப்பர விரிச்சு தான் மத்தியானம் சோறு திங்கிறோம், அப்ப கொழம்பு படாத எடமா பாத்து ஒரு எழுத்து விடாம படிச்சுருவேன்.

மகளிர் தினத்துக்கு நீங்க போட்ட போட்டோவும் அப்படித்தான் ஒரு வாரம் கழிச்சு கண்ணுல பட்டுச்சு. தலையில சும்மாடு, சும்மாட்டு மேல சாந்துச்சட்டி, வேர்வை வழியிற முகம், கீழ உழைக்கும் பெண்களுக்கு வணக்கம்னு ஒரு வரி. நல்லா தான் இருந்துச்சு, எங்க செட்டுல ஏழு பேரும் பாத்தோம். பாத்துட்டு எங்க பெரியாத்தா, வயசு அறுபத்திரெண்டு, கேட்டுச்சு, "நாப்பது வருசமா இதே போட்டோவத்தான் போடுறாங்க, சட்டிய எறக்கி வச்ச பெறகு அந்தப் புள்ள என்ன செஞ்சான்னு ஒருத்தனும் கேக்கலயே"ன்னு. அதுக்குத்தான் இந்தக் கடுதாசி.

கட்டட வேலையில ஆம்பளைக்கு ஒரு ஏணி இருக்கு சார். பதினாறு வயசுல ஒரு பய கையாளா வருவான், கல்லு எடுத்துக் குடுப்பான், கொத்தனார் பீடி பத்தவைக்கப் போற நேரம் கலவை பூசுற கரண்டிய வாங்கி ரெண்டு கல்லு வச்சுப் பாப்பான், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, மூணு வருசத்துல அரைக் கொத்தனார், அஞ்சு வருசத்துல முழுக் கொத்தனார், அப்புறம் மேஸ்திரி, ஒரு பைக்கு, சட்டைப் பையில ஒரு டேப்பு, காண்ட்ராக்டர். பொம்பளைக்கு அந்த ஏணி கெடையாது, ஏணியில ஏறி சட்டி குடுக்குறது மட்டுந்தான் நம்ம வேலை. நான் 17 வயசுல சித்தாளா வந்தேன், 39 வயசுலயும் சித்தாள். நான் சாந்து அள்ளிக் குடுத்து பூசப் பழகுன பய ஒருத்தன் இப்ப காண்ட்ராக்டரு, வழியில பாத்தா நல்லாருக்கியாக்கான்னு வண்டிய நிப்பாட்டி கேப்பான், அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா கொத்தனாருக்கு 1000 குடுத்த எடத்துல எனக்கு 550 தான் குடுத்தான். சம வேலைக்கு சம கூலின்னு 1976லயே சட்டம் வந்துருச்சுன்னு சங்கத்துல சொன்னாங்க. ஒரே வேலை பாத்தா ஒரே கூலி, சரிதான். அந்த ஒரே வேலைய எங்க கையில குடுத்தா தானே அந்தச் சட்டத்த நாங்க கேக்க முடியும்.

கரண்டி எங்க கைக்கு வந்தது பெரியாத்தாவால. அவுக வீட்டுக்காரர் கொத்தனாரு, அவரு கூட முப்பது வருசம் நூலோட மறு முனைய புடிச்சுக்கிட்டு நின்ன மனுசி, அவரு போன பெறகு மழையில இடிஞ்ச சொந்த வீட்டுச் சுவத்த தானே கட்டுனுச்சு. அதப் பாத்துட்டு தான் நாங்க கேட்டோம், எங்களுக்கும் சொல்லிக் குடுங்கன்னு. எப்ப சொல்லிக் குடுக்குறது? சாயங்காலம் அஞ்சரைக்கு ஆம்பளைக கை கால் கழுவிட்டு கெளம்பிருவாங்க, தட்டுல ரெண்டு சட்டி கலவை மிச்சம் கெடக்கும், விடிஞ்சா அது கல்லாகிப் போகும், அந்தக் கலவைய எடுத்து காம்பவுண்டு சுவத்தோட பின்பக்கம் பூசிப் பழகுவோம், பூசி மட்டக்கம்பு போட்டு இழுத்து, சமமாக்குற மணியாஸ் கட்டையால தேச்சு, பெரியாத்தா வந்து பாத்து "இது சுவரா, ரோடா"ன்னு திட்டி, எறுகுறதுக்குள்ள மொத்தத்தையும் சொரண்டி எடுத்துட்டு கழுவி விட்டுட்டு போவோம். காலைல வந்து பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். இப்படி எட்டு மாசம். ஊருல ஏழு மணி பஸ்ஸுல தான் வர்றாளுக, என்னதான் பண்ணுறாளுகன்னு பேச்சு வந்துச்சு. அதுக்கு பதில் சொல்ல எங்களுக்கு நேரமில்ல.

நம்ம பக்கத்து காத்து உங்களுக்குத் தெரியும்ல, கச்சான் காத்து கெளம்புச்சுன்னா பாம்பன் பாலத்துல ரயிலையே நிப்பாட்டிருவாங்க. சுவரு நேரா இருக்கான்னு பாக்க நூல்ல தொங்கவிடுற தூக்குக்குண்டு அந்தக் காத்துல நிக்குமா? ஊஞ்சல் மாதிரி ஆடும். நாங்க ரெண்டு பேர் முந்தானைய விரிச்சு காத்துப் பக்கம் மறைச்சு நிப்போம், பெரியாத்தா ஒரு வாளி நெறைய தண்ணி கொண்டாந்து குண்டை அதுக்குள்ள முக்கி விடும், தண்ணிக்குள்ள போனதும் குண்டு ஆட்டத்த விட்டுட்டு அப்படியே நிக்கும் சார், நூல் வெறச்சு நிக்கும், அப்ப பாத்து தான் சுவரு எத்தனை நூல், அதாவது எத்தனை அரைக்கால் இஞ்சு, சாஞ்சிருக்குன்னு எனக்குக் கண்ணுல தெரிய ஆரம்பிச்சுச்சு. 22 வருசம் அந்தச் சுவத்துக்கு பக்கத்துலயே நின்னுருக்கேன், அதுக்கு முன்னாடி ஒரு நாளும் தெரியல.

இன்னொண்ணு சொல்றேன், இது ஆம்பளைகளுக்குத் தெரியாத வித்தை. தண்ணியும் மணலும் சொமக்குறது நாங்க தான், அதனால எது உப்புன்னு எங்களுக்குத்தான் மொதல்ல தெரியும். பெரியாத்தா மணல் வந்து எறங்குனதும் ஒரு சிட்டிகை நாக்குல வச்சுப் பாக்கும், கெணத்துத் தண்ணிய ஒரு வாய் கொப்பளிச்சுப் பாக்கும். கரிச்சுச்சுன்னா வேணாம்னு சொல்லிரும். ஒரு வேலையில அப்படி சொன்னதுக்கு மேஸ்திரி, "ஆத்தா நீ கொழம்பு வைக்க வரல, சட்டி தூக்க வந்துருக்க"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. அந்த வீட்டுல ஒன்றரை வருசத்துல சுவரெல்லாம் உப்புப் பூத்துச்சு, ஜன்னலுக்கு மேல உள்ள சன்சைடுல கம்பி துருப்புடிச்சு ஊதி காங்கிரீட்டு பேந்து விழுந்துச்சு. உப்பு உள்ள போனா கம்பிய திங்காம விடாது, அதுவும் கடக்கரையில வெளிய இருந்து உப்புக்காத்து வேற. அந்த வீட்டுக்காரர் மேஸ்திரிய தேடுனாரு, ஆளு அகப்படல. பெரியாத்தாவ யாரும் தேடல, அதுவும் யாருகிட்டயும் சொல்லிக் காட்டல, எங்ககிட்ட மட்டும் ஒரு வருசமா சொல்லிக்கிட்டே இருக்கு.

மொத மொதல்ல எங்கள நம்பி வேலை குடுத்தது கீழக்கரையில ஒரு லாத்தா, முஸ்லிம் வீட்டு அக்காவ அப்படித்தான் கூப்புடுவோம். அங்கெல்லாம் பொண்ணுக்கு கல்யாணம்னா வீடு குடுக்குறது வழக்கம், அதனால ஊருல எப்பப் பாத்தாலும் எங்கயாச்சும் வீட்டு வேலை நடந்துக்கிட்டு தான் இருக்கும், ஆம்பளைக துபாய்லயோ சவுதியிலயோ இருப்பாங்க, வேலைய நின்னு பாக்குறது பூரா வீட்டுப் பொம்பளைக தான். ஆனா ஆம்பளைக் கொத்தனாரு உள்ள வந்தா அவங்க உள்ரூமுக்குள்ள போயிரணும், டீய வாசப்படியில வச்சுட்டு குரல் குடுக்கணும், சொல்ல வேண்டியத சின்னப் பையன் மூலமா சொல்லி அனுப்பணும், அவன் ஒண்ணு சொல்ல கொத்தனாரு ஒண்ணு செய்ய. அந்த லாத்தா எங்ககிட்ட பாத்ரூம் டைல்ஸும் அடுப்படி மேடையும் குடுத்துச்சு, குடுத்துட்டு ஒரு ஸ்டூல எடுத்துப் போட்டு பக்கத்துலயே உக்காந்துச்சு பாருங்க, எந்த இஞ்சினியரும் அப்படி பாக்க மாட்டாரு. "இந்தா புள்ள, அந்த மூணாவது டைல்ஸு ஒரு நூல் ஒசந்து நிக்கிது"ன்னு சொல்லும். பேத்துட்டு மறுபடி ஒட்டுவோம். மூணு நாள் வேலை அஞ்சு நாளாச்சு. ஆனா அது முடிஞ்சதும் அவங்க தங்கச்சி வீடு, அப்புறம் மாமி வீடு, அப்புறம் பெரியபட்டினத்துல ஒரு வீடு. ஒரு நோட்டீஸ் அடிக்கல, போர்டு வைக்கல, அடுப்படிக்கு அடுப்படி தான் எங்க விளம்பரம் போச்சு.

அங்க தான் நான் ஒண்ணு கத்துக்கிட்டேன். நாள் கூலிக்குப் போனா பொம்பளக் கொத்தனாருக்கு 750ன்னு பேசுவாங்க, ஆம்பளைக்கு 1000. ஏன்னு கேட்டா பதில் வராது, ஒரு சிரிப்பு வரும். அதே வேலைய சதுரடிக் கணக்குல எடுத்தா டேப்ப வச்சு அளந்து காசக் குடுத்துத்தான் ஆகணும். டேப்புக்கு ஆம்பள பொம்பள தெரியாது. அதனால இப்ப நாங்க ஏழு பேரும் நாள் கூலிக்கு பூச்சு வேலைக்கே போறதில்ல, சதுரடி தான், வர்ற காச கரண்டி புடிச்சவ சட்டி தூக்குனவன்னு பாக்காம கொஞ்சம் தான் வித்தியாசம் வச்சுப் பிரிச்சுக்குறோம், ஏன்னா இன்னிக்கு தூக்குனவ நாளைக்கு பூசுவா.

இதுல ஒரு பெரிய சிக்கல் வந்துச்சு, தடைக்காலத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, அப்ப வீட்டுல வருமானம் இல்லாம பாம்பன் தங்கச்சிமடம் பக்கத்து பொம்பளைக சித்தாள் வேலைக்கு வருவாங்க, ஆள் கூடுனதும் மேஸ்திரி கூலிய எறக்குவாரு, 400க்கு வர்றியா வேற ஆளு இருக்குன்னு. நாங்களும் சண்டை போட்ருக்கோம் சார், ஒளிக்காம சொல்றேன், கடக்கரைக்காரிக எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடுறாளுகன்னு நானே பேசிருக்கேன். ஒரு நாள் சின்னப்பாலத்துக்கார பொண்ணு ஒண்ணு, பாசி எடுக்கப் போற பொண்ணு, அது கை விரல் பூரா துணிய கிழிச்சு சுத்திக்கிட்டு வந்து நின்னுச்சு, ஏன்னு கேட்டா பாறையில பாசி பறிக்கும்போது விரல் கிழியாம இருக்க இப்படித்தான் சுத்துவோம், சிமெண்டுக்கும் ஆகும்லன்னு சொன்னுச்சு. எங்க விரல் எல்லாம் அப்ப சிமெண்டு தின்னு புண்ணா கெடந்துச்சு. அன்னைக்கே நாங்களும் துணி சுத்துனோம், மத்தியானச் சோத்துக்கு ஒண்ணா உக்காந்தோம், ரெண்டு ஊருக்காரிகளும் 550க்கு கீழ ஒருத்தியும் போகக்கூடாதுன்னு அப்பத்தான் பேசி முடிவு பண்ணுனோம். எல்லாரும் காப்பாத்துனாங்கன்னு சொல்ல மாட்டேன், ரெண்டு மூணு பேரு மீறுனாங்க, அவங்க வீட்டு நெலமை அப்படி. ஆனா 400ன்னு கேக்குறது நின்னுருச்சு.

புள்ளைகள பத்தி சொல்லணும். 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்துல 50 பொம்பளைக்கு மேல வேலை பாக்குற எடத்துல ஆறு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைகள வச்சுக்க ஒரு ரூமு வேணும்னு போட்ருந்துச்சாம். நல்ல சட்டம். எங்க பக்கம் 50 பொம்பள வேலை பாக்குற கட்டடத்த நான் பாத்ததே இல்ல, ஆறு பேரு ஏழு பேரு தான். அதனால எங்க சட்டத்த நாங்களே போட்டுக்கிட்டோம், முட்டி தேஞ்சு சாரம் ஏற முடியாத ஒரு அக்கா இருக்கு, அது தான் வேப்பமரத்துல தொட்டில கட்டி மூணு புள்ளைகள பாத்துக்கும், ஆளுக்கு நாளைக்கு 50 ரூவா அந்த அக்காவுக்கு, புள்ள இல்லாதவளும் குடுக்கணும். புள்ள இல்லாதவ ஏன் குடுக்கணும்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, போன வருசம். இந்த வருசம் அதோட புள்ள தான் தொட்டில்ல கெடக்கு.

அப்புறம் ஒதுங்குற எடம். இதப் பத்தி பேப்பர்ல எழுதுவாங்களான்னு தெரியல, எழுதணும். காலைல எட்டு மணிக்கு வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்காம வேலை பாத்த காலம் எல்லாம் இருக்கு, தண்ணி குடிச்சா போகணும்ல, சுத்தி கருவேலங்காடு இருந்தா பரவால்ல, ஊருக்குள்ளன்னா எங்க போறது. நீர்க்கடுப்பு வராத சித்தாள் ஒருத்தி கெடையாது. மாசத்துல மூணு நாள் அதவிடக் கொடுமை. நாலு பேரு சேலைய விரிச்சு சுத்தி நின்னு ஒருத்திய மறைப்போம். இப்ப வேலை பேசும்போதே சொல்லிருவோம், பேஸ்மட்டத்துக்கு வாணம் தோண்டுறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு மறைப்பு, நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும் ஒரு டிரம்மு தண்ணியும் போதும்னு. வீட்டுக்கார அம்மாகிட்ட சொன்னா உடனே புரியுது, மேஸ்திரிகிட்ட சொன்னா செலவுங்கிறாரு.

மாடிக்கு ஒத்தையா ஏறுறதில்லன்னும் ஒரு பழக்கம் வச்சிருக்கோம், ரெண்டு பேரா தான் போவோம். ஏன்னு நான் வெளக்க வேணாம். பத்து பேருக்குக் கீழ வேலை பாக்குற எடத்துலயும் இந்த மாதிரி தொந்தரவுக்கு கலெக்டர் அமைக்கிற உள்ளூர் குழுகிட்ட மூணு மாசத்துக்குள்ள புகார் குடுக்கலாம்னு 2013 சட்டத்துல இருக்குன்னு என் மக தான் படிச்சுச் சொன்னா. அந்தக் குழு நம்பர நீங்க வாரம் ஒரு தடவ மூலையில சின்னதா போட்டாக்கூட போதும் சார்.

எங்க செட்டுல ஒரு பொண்ணு மூணு வருசம் முன்னாடி சாரத்துல இருந்து விழுந்து தொடை எலும்பு ஒடஞ்சு போச்சு. காண்ட்ராக்டரு ரெண்டாயிரத்த கையில திணிச்சுட்டு போனவரு தான். நல வாரிய கார்டு இருக்கான்னு கேட்டாங்க, இல்ல. தமிழ்நாட்டுல கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994லயே வந்துருச்சு, கட்டடச் செலவுல நூத்துக்கு ஒரு ரூவா அதுக்குன்னு வசூல் பண்றாங்க, அந்தப் பொண்ணு பன்னெண்டு வருசம் அந்தக் கட்டடங்களுக்கு செங்கல் சொமந்துருக்கு, பேரு மட்டும் எங்கயும் இல்ல. பதியப் போனா ஓடிபி வரணும், நம்பரு வீட்டுக்காரர் போன்ல, அவரு போன எடுத்துக்கிட்டு கடலுக்குப் போயிட்டாரு, நடுக்கடல்ல டவர் ஏது. ரேகை வைக்கச் சொன்னா விரல்ல ரேகையே இல்ல, சிமெண்டு தின்னுருச்சு, ரேஷன் கடையிலயும் இதே பஞ்சாயத்து தான், அஞ்சு தடவ துடைச்சு துடைச்சு வைக்கணும். இப்ப என் மக, பிளஸ் டூ முடிச்சவ, சனிக்கிழமை கூலி வாங்குன பெறகு எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒவ்வொருத்தியா போன்ல பதிஞ்சு விடுறா. மொதல்ல அவளவளுக்கு சொந்த நம்பர் வாங்கச் சொன்னா, அதுக்கே ரெண்டு வீட்டுல சண்டை. நாப்பது பேருக்கு மேல கார்டு வந்துருச்சு. ஆனா அந்தக் கார்டுல எனக்கு வேலை சித்தாள்னு தான் இருக்கு, கொத்தனார்னு மாத்தணும்னு கேட்டா கம்ப்யூட்டர் சென்டர்ல இருந்த தம்பி என்னைய ஏற எறங்க பாத்துச்சு.

ஆம்பளைகள மட்டும் சொல்லிட்டு போனா நியாயமில்ல. ஒரு வீட்டுல வாசல் நிலை வைக்கிற அன்னைக்கு, அந்தச் சுவத்த கட்டுனதே நாங்க தான், வீட்டுக்கார அம்மா வந்து "நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, நிலைய மட்டும் ஆம்பளக் கொத்தனாரு வைக்கட்டும்"னு சொன்னுச்சு. நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்க பொம்பள வேணும், தூக்குக்குண்டு புடிக்க வேணாமாம். வாடகைக்கு ஆள் புடிச்ச மாதிரி ஒருத்தர் வந்து அரை மணி நேரத்துல வச்சுட்டு தேங்கா பழம் தட்டு வேட்டியோட போயிட்டாரு. சாயங்காலம் பெரியாத்தா ரசமட்டம் வச்சுப் பாத்துச்சு, ஒரு நூல் சாஞ்சுருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லாம ஆப்பு வச்சு சரி பண்ணிட்டு வந்தோம்.

இப்ப நான் கேக்குறது என்னன்னா. ஊராட்சிகள்ல கலைஞர் கனவு இல்லம்னு வீட்டுக்கு 3.50 லட்சம் குடுத்து கட்டுறாங்க, சின்ன வீடு, 360 சதுரடி, அது எங்க மாதிரி ஒரு செட்டால ஆரம்பத்துல இருந்து கடைசி வரை கட்டி முடிக்க முடியுற அளவு தான். ஒன்றியத்துக்கு பத்து வீடாச்சும் பொம்பளைக குழுவுக்குக் குடுங்கன்னு உங்க பேப்பர்ல எழுதுங்க. முடியுமான்னு கேப்பாங்க. பக்கத்து புதுக்கோட்டையில 1990கள் ஆரம்பத்துல கல்குவாரியையே பொம்பளைக குழுவுக்கு குத்தகைக்கு விட்டாங்க, கேரளாவுல குடும்பஸ்ரீ பொம்பளைக வீடு கட்டிக் குடுக்குறாங்க. பயிற்சி குடுக்குறோம்னு சொன்னா ராமநாதபுரத்துக்கு கூப்புட்டு முப்பது நாள் பெஞ்சுல உக்கார வச்சு சர்டிபிகேட்டு குடுக்க வேணாம், பஸ்ஸு எங்களுக்கு டிக்கெட்டு இல்ல சரி, ஆனா முப்பது நாள் கூலிய யாரு குடுப்பா? நடக்குற வேலையிலயே, கூலியோட, பெரியாத்தா மாதிரி ஒரு ஆள வாத்தியாரா போட்டு சொல்லிக் குடுங்க. வாத்தியாருக்கும் சம்பளம் குடுங்க, அது இதுவரைக்கும் வாங்குனது எங்க வீட்டு மீன் கொழம்பு மட்டுந்தான்.

போட்டோ வேணும்னா ஆள அனுப்புங்க, இந்த வாரம் பூரா மண்டபம் போற ரோட்டுல ஒரு வீட்டுல பூச்சு வேலை. ஆனா காலைல ஆறரைக்கே வரச் சொல்லுங்க, பத்து மணிக்கு மேல காத்து ஏறிரும், பூசுன சுவரு சட்டுன்னு காஞ்சு வெடிப்பு விடும்னு நாங்க சீக்கிரமே ஆரம்பிச்சுருவோம், வர்றவருக்காக வேலைய நிப்பாட்ட முடியாது. பேரு போட வேணாம் சார், அடுத்த வேலை கெட்டுப்போகும்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனார்,
உச்சிப்புளி பக்கம், ராமநாதபுரம் மாவட்டம்.